கண்பட்ட கொடிகள்

எங்கள் வீட்டுப் பின்புறத்து மரவேலியை ஒட்டி வைத்திருந்த இரண்டு ஹாப்ஸ் கொடிகளில் ஒன்று சரியில்லை என்பதை முதலில் கவனித்தது அம்மாதான். மே மாத இரண்டாவது வாரம். ஓரிகன் மாநிலத்தில் ஹில்ஸ்போரோ பக்கம் அது இன்னும் மழைக்காலம்தான். அம்மா மதுரையிலிருந்து வந்து பத்து நாள் ஆகியிருந்தது. காலையில் காபி டம்ளரோடு பின்வாசலில் நின்றவர், "என்னடா, ஒண்ணு ஏறுது, ஒண்ணு அப்படியே உக்காந்துருச்சு" என்றார்.

போய்ப் பார்த்தேன். இடப்பக்கத்துக் கொடி கயிற்றைப் பிடித்து ஆளுயரத்துக்கு மேல் போயிருந்தது. வலப்பக்கத்தில் இருந்ததோ மண்ணிலிருந்து ஒரு சாண் எழுந்து நின்றுவிட்டது. தண்டில் கணுக்கள் நெருக்கமாக, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியதுபோல இருந்தன. இலைகள் வெளுத்த மஞ்சளில் கீழ்நோக்கிச் சுருண்டிருந்தன. தொட்டால் அப்பளம்போல ஒடிந்தன. ஓர் இலையைத் திருப்பினேன். அடிப்புறத்தில் கரியைத் தூவியதுபோல ஊதா கலந்த கறுப்பு.

"கண்ணு பட்டுருச்சு" என்றார் அம்மா. யார் கண் என்பதையும் அவர் முடிவுசெய்திருந்தார். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். முந்தைய ஞாயிறு வேலிக்கு மேல் தலையை நீட்டி, கொடி அருமையாக வருகிறதே என்று இரண்டு முறை சொன்னார். அம்மாவுக்கு ஆங்கிலம் புரியாது. ஆனால் புகழ்ச்சி எந்த மொழியிலும் புரிந்துவிடும்.

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "உங்க அத்தை கதை தெரியும்ல" என்றார். தெரியும். அதற்குப் பிறகு வருகிறேன்.

*

ஹாப்ஸ் என்றால் என்ன என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பீருக்குக் கசப்பையும் மணத்தையும் தருவது இந்தக் கொடியின் பெண்பூக்கள். கஞ்சா குடும்பத்தைச் சேர்ந்தது, ஆனால் போதை கிடையாது. காகிதச் செதில்களை அடுக்கிய சிறு கூம்புபோல இருக்கும் பூவைப் பிரித்தால், செதில்களின் அடியில் லூபுலின் என்கிற மஞ்சள் பொடி ஒட்டிக்கொண்டிருக்கும். கசப்பு அதில்தான். அந்தக் கசப்புக்குக் கிருமிகளைத் தடுக்கும் குணமும் உண்டு. 12ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானியத் துறவி ஹில்டகார்ட், ஹாப்ஸ் பானங்களைக் கெடாமல் வைக்கும் என்று எழுதிவைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் கல்கத்தாவுக்கும் மதராஸுக்கும் கப்பலேறிய பீர்களில் தாராளமாக ஹாப்ஸ் போட்டதற்கும் அதுவே காரணம். இந்தியாவின் பெயரைத் தாங்கிய பீர் வகை இன்று உலகமெங்கும் விற்பது அந்தப் பயணத்தின் மிச்சம்.

நான் பெரிய குடிகாரன் இல்லை. நாங்கள் வாழும் வில்லாமெட் பள்ளத்தாக்கு அமெரிக்காவின் ஹாப்ஸ் பிரதேசங்களில் ஒன்று. இந்த நாட்டின் ஹாப்ஸ் ஏறக்குறைய முழுவதும் வாஷிங்டன், ஓரிகன், ஐடஹோ ஆகிய மூன்று மாநிலங்களில்தான் விளைகிறது. ஆகஸ்ட் மாதம் காரில் தெற்கே போனால், பதினெட்டடி உயரக் கம்பங்களுக்கு இடையே பச்சைச் சுவர்கள் நிற்கும். முதல்முறை பார்த்தபோது எனக்குச் சோழவந்தான் ஞாபகம்தான் வந்தது. தாத்தாவின் கொடிக்கால். அகத்தி மரங்களில் வெற்றிலைக் கொடிகள் ஏறி, உள்ளே நுழைந்தால் உச்சிவெயிலிலும் மாலைபோல் இருக்கும் என்று அப்பா சொல்லுவார். நான் பிறப்பதற்குள் அது போய்விட்டது. ஆக, இந்த ஹாப்ஸ் ஆசை பீர் ஆசை இல்லை. பார்க்காத ஒரு கொடிக்காலைப் பின்வாசலில் கட்டிப்பார்க்கும் ஆசை.

இரண்டு வேர்த்துண்டுகள் வாங்கினேன். ஒன்று காஸ்கேட், மற்றது சென்டென்னியல். இரண்டுமே பெண்செடிகள். ஹாப்ஸில் ஆண் தனி, பெண் தனி. விதை போட்டால் பாதிக்குப் பாதி ஆணாக வந்து நிற்கும், கூம்பு வராது. அதனால் எல்லோரும் வேர்த்துண்டோ பதியனோதான் வைப்பார்கள்.

முதல் வருடம் நான் செய்யாத தப்பில்லை. மார்ச்சில் நட்டேன், ஜூனில் கொடி நாலடி. உரம் போதவில்லை என்று நினைத்துத் தழைச்சத்தைக் கொட்டினேன். உண்மையில் முதலாண்டு ஹாப்ஸ் மேலே வளர்வதைவிடக் கீழேதான் வளரும். வேரைக் கட்டிக்கொள்ளும் காலம் அது. அடியிலைகள் மஞ்சளானதும் தண்ணீர் போதவில்லை என்று தினமும் விட்டேன். வேர் மூச்சுவிட முடியாமல் இன்னும் மஞ்சளானது. மேல் விரற்கடை மண் காய்ந்த பிறகு ஆழமாக ஒருமுறை விட்டால் போதும் என்று புரிய ஆகஸ்ட் ஆகிவிட்டது. அதற்குள் வெயில் வந்து, இலையின் அடியில் சிவப்புச் சிலந்தி வலைபின்னியது. கடைசியில் கிடைத்தது ஒரு கைப்பிடிக் கூம்பு. அதையும் பச்சையாக, ஈரமாக இருக்கும்போதே பறித்துவிட்டேன். விரலில் நசுக்கினால் காகிதம்போலச் சரசரக்க வேண்டும், உள்ளே பொடி அடர்மஞ்சளாக இருக்க வேண்டும். இதெல்லாம் இப்போது தெரியும்.

இன்னொரு கூத்தும் நடந்தது. கொடியை நான் சுற்றிவிட்ட பக்கமாக அது சுற்றவே இல்லை. காலையில் கயிற்றில் ஏற்றினால் மாலையில் அவிழ்ந்து கிடக்கும். பற்றிக் கொடிகளில் பெரும்பாலானவை இடப்பக்கமாகச் சுற்றுபவை. ஹாப்ஸ் வலஞ்சுழி. மேலிருந்து பார்த்தால் கோயிலை வலம்வருவதுபோலப் போகும். கொடிகளின் அசைவைப் பற்றிப் புத்தகம் எழுதிய டார்வின் ஹாப்ஸிலிருந்துதான் தொடங்கினார். உடம்பு சரியில்லாமல் அறைக்குள் முடங்கியிருந்த நாட்களில், தொட்டியில் ஒரு ஹாப்ஸ் செடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதன் நுனி ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று இரவும் பகலும் குறித்தார். வெயில் நாளில், பகலில், சராசரியாக இரண்டு மணி எட்டு நிமிடம். எனக்கு அந்தப் பொறுமை இல்லை, எதிர்ப்பக்கம் சுற்றிவிட்டுப் பார்த்தேன், பிடித்துக்கொண்டது.

*

இந்த ஹாப்ஸ் வாசிப்பில் நான் கண்டடைந்த ஆள்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். பெயர் ரெஜினால்ட் ஸ்காட். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஸ்மீத் என்ற ஊர்க்காரர். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்ப் பட்டம் வாங்காமல் திரும்பியவர். 1574இல் ஹாப்ஸ் தோட்டம் போடுவது எப்படி என்று ஆங்கிலத்தில் ஒரு சிறு நூல் எழுதினார். ஆங்கிலத்தில் ஹாப்ஸ் சாகுபடி பற்றிய முதல் நூல் அதுதான். பிளாண்டர்ஸ்காரர்களிடம் காசு கொடுத்து ஹாப்ஸ் வாங்குகிறோமே, நம் மண்ணில் விளையாதா என்ற ஆதங்கம் அவருக்கு. எந்த மண், எப்படி மேடு போடுவது, எந்த வேரைத் தேர்வது, கம்பம் எப்படி நடுவது, சூளையில் எப்படி உலர்த்துவது என்று படம் போட்டு விளக்கினார். லத்தீன் தெரிந்தவர்களுக்காக எழுதப்பட்டதல்ல அது. மண்வெட்டி பிடிப்பவர்களுக்கானது. நான்கே ஆண்டுகளில் மூன்று பதிப்புகள் வந்தன.

பத்து வருடம் கழித்து, 1584இல், இதே ஸ்காட் இன்னொரு நூல் எழுதினார். அது சூனியக்காரிகளைப் பற்றியது. சூனியம் என்று ஒன்று இல்லை, நீங்கள் தூக்கில் போடுவது ஏழைக் கிழவிகளை, என்பது அந்தத் தடித்த புத்தகத்தின் சாரம். பிள்ளை செத்தால், மாடு செத்தால், பயிர் போனால், புயலடித்தால், உடனே மக்கள் ஒரு சூனியக்காரியைத் தேடுகிறார்கள் என்று தொடக்கத்திலேயே எழுதுகிறார்.

வரலாற்றாசிரியர்கள் இந்த இரண்டு நூல்களையும் வேறுவேறு அலமாரியில் வைப்பார்கள். ஒன்று விவசாயம், ஒன்று மதம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஹாப்ஸ் கென்டில் பரவத் தொடங்கி அப்போது அதிகக் காலம் ஆகவில்லை. ஒரு வருடம் கொட்டும், மறு வருடம் ஒன்றுமே இருக்காது. பக்கத்துத் தோட்டம் தழைத்து நிற்கும்போது தன் தோட்டம் மட்டும் கருகுவதை எவன் பார்த்தாலும் கேள்வி ஒன்றுதான்: எனக்கு மட்டும் ஏன்? அதற்கு மண்ணையும் மேட்டையும் வேரையும் பார் என்று பதில் சொல்லிப் பழகிய ஒருவன்தான், கிழவியைப் பார்க்காதே என்றும் எழுத முடியும். இது என் ஊகம். ஆனால் அவர் விவரிக்கும் ஒரு வழக்கைப் படித்தபோது இந்த ஊகம் எனக்குப் பலமானது.

1581. கென்டில் பிரெஞ்ச்லி என்ற கிராமம். மார்கரெட் சைமன்ஸ் என்ற பெண்ணை அவ்வூர்ப் பாதிரியார் சூனியக்காரி என்று குற்றம்சாட்டினார். பாதிரியாரின் மகன் அவள் வீட்டைக் கடந்து போகையில் அவளுடைய நாய் குரைத்தது. பையன் கத்தியை உருவி நாயைத் துரத்தினான். அவள் திட்டினாள். சில நாட்களில் பையனுக்கு உடம்புக்கு வந்துவிட்டது. அதுமட்டுமல்ல, பாதிரியாருக்குத் தொண்டை கட்டியது, தேவாலயத்தில் குரல் எழும்பவில்லை. அதுவும் அவள் வேலைதான் என்றார். ஸ்காட் விசாரித்தார். பாதிரியாருக்கு வேறு ஒரு நோய் இருப்பதாக அக்கம்பக்கத்தார் பேசிக்கொண்டார்கள், வெளியில் சொல்லக்கூடிய நோயல்ல அது. மருத்துவர்களிடம் சான்று வாங்கிவந்து தேவாலயத்தில் காட்டித்தான் அவர் தப்பிக்க வேண்டியிருந்தது. மார்கரெட் விடுதலையானாள். இது அபூர்வம். அடுத்த வருடமே எசெக்ஸில் செயின்ட் ஓசித் பகுதிப் பெண்கள் சிலர் தூக்கிலேறினார்கள்.

பிற்காலத்தில் பிரெஞ்ச்லியைச் சுற்றிய கிராமங்கள் கென்டின் ஹாப்ஸ் மையமாயின. பக்கத்து ஊர் ஹார்ஸ்மண்டனில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் தானாக முளைத்த செடிதான் ஃபகிள் என்ற புகழ்பெற்ற ரகம் என்று நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவந்தது. என் வேலியோரத்தில் நன்றாக ஏறிக்கொண்டிருந்த காஸ்கேட், அந்த ஃபகிளின் வழிவந்தது.

ஸ்காட்டுக்கு என்ன பரிசு கிடைத்தது? ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸ் 1597இல் பேய் பிசாசுகள் பற்றித் தானே ஒரு நூல் எழுதி, முன்னுரையிலேயே ஸ்காட்டைப் பெயர் சொல்லிக் கண்டித்தார். ஆறு ஆண்டுகளில் அந்த மன்னர் இங்கிலாந்துக்கும் மன்னரானார். ஸ்காட் அதைப் பார்க்கவில்லை, 1599இலேயே இறந்துவிட்டார்.

*

ஹாப்ஸ் சூதாட்டப் பயிராகவே இருந்தது. வெறும் உவமை இல்லை, நிஜமான சூதாட்டம். 1711 முதல் 1862 வரை இங்கிலாந்தில் ஹாப்ஸுக்கு வரி உண்டு. இந்த ஆண்டு மொத்த வரிவசூல் எவ்வளவு வரும் என்று மக்கள் பந்தயம் கட்டினார்கள். விளைச்சல் அவ்வளவு ஏறி இறங்கியது. முக்கியக் காரணம் அசுவினி. ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் பூச்சி, இலைக்கடியில் உட்கார்ந்து சாறுறிஞ்சும். அது கழிக்கும் தேன்போன்ற திரவத்தில் கரும்பூசணம் படர்ந்து கூம்பெல்லாம் கறுத்துவிடும்.

1882இல் கென்டில் அசுவினி எல்லாவற்றையும் அழித்தது. விலை எகிறியது. அமெரிக்காவில் ஒரு பவுண்டு ஹாப்ஸ் ஒரு டாலரைத் தொட்டது. அந்த ஆண்டு பெரும்பணம் பார்த்தவர்களில் ஒருவர் வாஷிங்டன் பிரதேசத்தில் பியூயாலப் பள்ளத்தாக்கின் எஸ்ரா மீக்கர். அவர் குடும்பத்துக்கு ஹாப்ஸ் வந்த கதை எளிமையானது. 1865இல் ஒலிம்பியாவில் பீர் காய்ச்சிய ஒருவர் கொஞ்சம் வேர்களை அனுப்பிவைத்தார். மீக்கரின் அப்பா நட்டார். முதல் அறுவடையில் நூற்றைம்பது டாலர் அளவுக்கு வந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு குடியானவன் கையில் பார்த்திராத பணம். இருபது ஆண்டுகளில் எஸ்ரா மீக்கர் 'ஹாப்ஸ் ராஜா' ஆகிவிட்டார். லண்டனுக்கே போய் விற்றார். கட்டிய மாளிகை பியூயாலப்பில் இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது. நான் போயிருக்கிறேன். பளபளக்கும் மரப்படிக்கட்டுகள், வண்ணக் கண்ணாடிகள், எல்லாம் ஒரு கசப்புப் பூவிலிருந்து வந்தவை.

1890களின் தொடக்கத்தில் அசுவினி அங்கும் வந்து சேர்ந்தது. குவாசியா மரச்சீவலை வேகவைத்த கசப்பு நீரையும் திமிங்கில எண்ணெய்ச் சோப்பையும் கலந்து தெளித்தார்கள். இங்கிலாந்தில் கற்ற முறை அது. பூச்சி செத்தது, பயிர் தேறவில்லை. விலையும் சரிந்தது. பக்கத்துக் குடியானவர்களுக்குக் கொடுத்திருந்த கடன் எதுவும் திரும்பவில்லை. ராஜா சில ஆண்டுகளில் எல்லாவற்றையும் இழந்தார். பிறகு தங்க வேட்டைக் காலத்தில் மளிகை விற்கக் குளோண்டைக் போனார். எழுபத்தைந்தாவது வயதில், 1906இல், மாட்டுவண்டி கட்டிக்கொண்டு அமெரிக்காவின் குறுக்கே பழைய ஓரிகன் தடத்தில் திரும்பிப் போனார். அது தனிக்கட்டுரைக்கான விஷயம்.

எனக்குச் சுவாரசியமானது, இந்த அசுவினி எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி. குளிர்காலத்தில் ஹாப்ஸ் மண்ணுக்கு மேல் ஒன்றுமில்லாமல் போய்விடும். பிறகு கோடையில் திடீரென்று லட்சக்கணக்கில் பூச்சி. வானத்திலிருந்து கொட்டியதுபோலத்தான் இருக்கும். 1880களின் கடைசியில் அமெரிக்கப் பூச்சியியலாளர் சார்ல்ஸ் ரைலி இதை முழுசாக விடுவித்தார். குளிர்காலத்தில் அசுவினி பிளம் மரத்தின் கிளைகளில் முட்டையாகக் கிடக்கிறது. வசந்தத்தில் அங்கேயே சில தலைமுறை பெருகி, இறக்கை முளைத்து ஹாப்ஸுக்குப் பறக்கிறது. இலையுதிர்காலத்தில் மீண்டும் பிளம்முக்கு. தோட்டத்து ஓரத்தில் ஆசைக்கு வைத்த பிளம் மரம்தான் எதிரியின் வீடு. வீட்டில் ஹாப்ஸ் வைப்பவர்கள் ஜூன் மாதம் இலையைத் திருப்பிப் பார்க்கும் முன்பு, சுற்றி எங்கே பிளம் நிற்கிறது என்று பார்ப்பது நல்லது. பொறிவண்டுகளைக் கண்டால் அடிக்காமல் விடுவது அதைவிட நல்லது.

இந்த மண்ணின் ஹாப்ஸ் கதையில் மறைக்கக்கூடாத ஒன்றும் உண்டு. அறுவடைக்கு ஆயிரக்கணக்கான கைகள் வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவிலிருந்தும் அலாஸ்காவிலிருந்தும் பூர்வகுடிகள் படகேறி வந்து பறித்தார்கள். 1885 செப்டம்பரில், சியாட்டிலுக்குக் கிழக்கே இன்றைய இசக்குவாவில், குறைந்த கூலிக்குச் சீனத் தொழிலாளிகளைப் பறிக்கக் கொண்டுவந்தார்கள். வேலை போகிறதே என்ற கோபம், கூலியைக் குறைத்த முதலாளியின் மேல் திரும்பவில்லை. இரவில் அவர்களுடைய கூடாரங்கள் மீது துப்பாக்கியால் சுட்டார்கள். மூன்று பேர் செத்தார்கள். வழக்கு நடந்தது, எல்லோரும் விடுதலை. இசக்குவாவில் இப்போது என் கல்லூரி நண்பர்கள் நாலைந்து பேர் வீடு வாங்கியிருக்கிறார்கள். தீபாவளிக்கு அங்குதான் கூடுவோம்.

*

என் கொடிக்கு வந்தது அசுவினி இல்லை. இலையின் அடியில் கறுப்பு, ஒரு சாணில் நின்றுபோன மஞ்சள் தளிர். இது அடிச்சாம்பல் நோய். 1905இல் ஜப்பானில் முதலில் விவரிக்கப்பட்டது. 1920இல் இங்கிலாந்தில், 1920களின் இறுதியில் அமெரிக்காவின் மேற்குக் கரையில் தெரிந்தது. பார்த்தால் பூஞ்சைபோல இருக்கும், ஆனால் பூஞ்சை இல்லை. நீர்ப்பூஞ்சைகள் என்ற தனிக்கூட்டம். இலையில் ஈரம் நின்றால் இதன் வித்துகள் வாலாட்டி நீந்தும். நீந்தி இலைத்துளைக்குள் நுழையும். மோசமான பகுதி இதற்குப் பிறகுதான். அது வேர்க்கட்டைக்குள் இறங்கி, குளிர்காலம் முழுக்க மொட்டுகளுக்குள் தூங்கும். வசந்தத்தில் மொட்டு எழும்போது கூடவே எழும். நான் பார்த்த மஞ்சள் தளிர் புது நோயல்ல. போன வருடமே உள்ளே போய்விட்டது. தினமும் இலை நனைய நனையத் தண்ணீர் தெளித்தேனே, அப்போது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் எட்டிப்பார்த்ததற்குப் பத்து மாதம் முன்பு, என்று அம்மாவிடம் சொன்னேன். "அப்ப போன வருஷமே பாத்துருப்பாரு" என்றார். தர்க்கத்தில் ஓட்டையில்லை.

ஓரிகனின் தலையெழுத்தை மாற்றியதில் இந்த நோய்க்குப் பங்குண்டு. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் பெரும்பகுதி இந்த மாநிலம்தான் ஹாப்ஸில் முதலிடம். ஆனால் இங்கே வசந்தம் என்றால் மழை. கிளஸ்டர் என்ற பழைய ரகத்தை நோய் தின்றது. மலைகளுக்குக் கிழக்கே வாஷிங்டனின் யாக்கிமா பள்ளத்தாக்கு வறண்டது, கால்வாய்ப் பாசனம். ஈரம் நிற்காத இலையில் வித்து நீந்த முடியாது. தொழில் மெல்ல அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது.

இரண்டு தற்காப்புகள் உருவாயின. ஒன்று, புது ரகங்கள். கென்டின் வை கல்லூரியில் எர்னஸ்ட் சால்மன் 1906இலிருந்து ஹாப்ஸ் கலப்பினம் செய்துவந்தார். 1916இல் அவருக்குக் கனடாவின் மானிடோபாவிலிருந்து காட்டு ஹாப்ஸின் ஒரு துண்டு வந்தது. அந்தத் தாய்ச்செடி ஒன்றிரண்டு குளிர்காலத்தில் செத்துப்போனது. அதற்குள் விதை எடுத்துவிட்டார். அதில் வந்ததுதான் பிரூவர்ஸ் கோல்ட். இன்று கசப்பு மிகுந்த ரகங்களில் பெரும்பாலானவற்றின் ரத்தத்தில் அந்தச் செத்த செடி ஓடுகிறது. என் சென்டென்னியலிலும். இங்கே பக்கத்தில் கொர்வாலிஸில் அரசு ஆய்வாளர்கள் 1956இல் செய்த கலப்பிலிருந்து, அடிச்சாம்பலைத் தாங்கும் ரகம் வேண்டும் என்று தேர்ந்தெடுத்தது காஸ்கேட். 1972இல் வெளியிட்டார்கள். நோயைத் தாங்குவதற்காக வளர்த்த செடியின் எலுமிச்சை மணம்தான் பின்பு அமெரிக்கச் சிறு பீர்க்காய்ச்சிகளின் அடையாளமாக மாறியது. சென்டென்னியல் மணத்தில் ஒரு படி மேல், ஆனால் அடிச்சாம்பலுக்குச் சீக்கிரம் சாயும். ஒரே வேலி, ஒரே தண்ணீர், ஒரே மடையன், ஒன்று ஏறியது ஒன்று உட்கார்ந்தது. காரணம் அவ்வளவுதான்.

இன்னொன்று, போர்டோ கலவை. மயில்துத்தமும் சுண்ணாம்பும். பிரான்ஸில் சாலையோரத் திராட்சையைத் திருடர்கள் பறிக்காமலிருக்க, விஷம்போலத் தெரியட்டும் என்று விவசாயிகள் நீலக் கலவையைத் தெளித்துவைப்பார்கள். 1882இல் மில்லார்டே என்ற தாவரவியலாளர், சாலையோரக் கொடிகளில் மட்டும் இலை ஆரோக்கியமாக இருப்பதைக் கண்டார். திராட்சையின் அடிச்சாம்பலுக்கு மருந்து இப்படித்தான் கிடைத்தது. திருட்டுப் பயத்தில்.

போர்டோ கலவை என்ற சொல்லைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதை நான் முதலில் கேட்டது அப்பா வாயில். வெற்றிலைக் கொடிக்காலுக்கு வேளாண்துறைக்காரர்கள் பரிந்துரைப்பதும் இதையேதான். ஏனென்றால் ஐப்பசி, கார்த்திகை மழையில் வெற்றிலைக் கொடியின் அடித்தண்டை அழுகவைத்துச் சாய்க்கும் வாடல் நோயும் நீர்ப்பூஞ்சைதான். ஹாப்ஸ் நோயின் ஒன்றுவிட்ட உறவு. அயர்லாந்தின் உருளைக்கிழங்கை 1845இல் அழித்ததும் இந்தக் கூட்டமே. நீரில் நீந்திப் பரவும்.

*

இனி அத்தை கதை. 1980களில் ஒரு தீபாவளி. அத்தைக்குத் தலைத்தீபாவளி, சோழவந்தானுக்கு வந்திருக்கிறார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்ததும், தாத்தாவைக் கூப்பிடக் கொடிக்காலுக்குள் ஓடினார். கொடிக்காலுக்கு எங்கள் பக்கம் சில விதிகள் உண்டு. செருப்போடு நுழையக்கூடாது. பெண்கள் மாதத்தில் அந்த நாட்களில் நுழையவே கூடாது. அத்தை நுழைந்தது அந்த நாள். அப்பத்தாவுக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வாரத்தில் கொடிகள் தலை தொங்கின. மார்கழிக்குள் முக்கால்வாசி சாய்ந்தது. மறு வருடம் தாத்தா கொடிக்காலை அழித்து நெல் போட்டார். யாரும் அத்தையை அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. ஆனால் குடும்பத்தில் கடன் பேச்சு வரும்போதெல்லாம் "அந்தக் கொடிக்கால் மட்டும் இருந்திருந்தா" என்று ஒரு வாக்கியம் எழும், எல்லோரும் அத்தையைப் பார்க்காமலிருக்க முயல்வார்கள். நானே பார்த்திருக்கிறேன்.

செருப்பு விதியில் அர்த்தம் இருக்கிறது. நோய்பட்ட தோட்டத்து மண் செருப்பில் ஒட்டிவரும். வாஷிங்டன் மாநிலத்தில் வெளியிலிருந்து ஹாப்ஸ் வேரைச் சான்றிதழ் இல்லாமல் கொண்டுவரத் தடை இருப்பதும் இதே காரணத்தால்தான். இரண்டாவது விதியில் ஓர் அர்த்தமும் இல்லை. எங்கள் முன்னோர் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவைத்ததால், முதலாவதின் உண்மை இரண்டாவதுக்கும் ஒட்டிக்கொண்டது என்பது என் எண்ணம். அலுவலகத்தில் சர்வர் விழுந்தால் நாங்கள் ஓர் அறிக்கை எழுதுவோம். என்ன நடந்தது, எந்த வரிசையில் நடந்தது, எது தடுத்திருக்கும். யார் என்பது அதில் வரக்கூடாது என்பது விதி. விதி இருந்தும் கூட்டத்தில் எல்லோர் கண்ணும் ஒருவன் பக்கம் போகும். அது எனக்கும் நடந்திருக்கிறது.

ஜூன் முதல் வாரம் சென்டென்னியலைத் தோண்டி எடுத்தேன். தளிரை மட்டும் கிள்ளிப்போட்டு, அடியிலைகளை உருவி, காற்றோட்டம் விட்டு, தாமிர மருந்தும் தெளித்துக் காப்பாற்றப் பார்த்தவர்கள் உண்டு. நானும் மூன்று வாரம் பார்த்தேன். புதிதாக வந்த தளிர் ஏழில் ஐந்து மஞ்சள். வேர்க்கட்டையை வெட்டினால் உள்ளே பழுப்பும் கறுப்புமாகக் கீற்றுகள். மூட்டையில் கட்டிக் குப்பையில் போட்டேன், உரக்குழியில் போடவில்லை. ஒரு மணி நேரத் தொலைவில் குடும்பம் குடும்பமாக இதை நம்பி வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். என் பொழுதுபோக்கின் வித்து அவர்கள் தோட்டத்துக்குப் பறக்க வேண்டாம். காஸ்கேட்டின் அடியிலைகளை முழங்கால் உயரத்துக்கு உருவிவிட்டேன். சொட்டுக்குழாய் போட்டேன்.

அன்று இரவு, அங்கே காலை, அத்தைக்குப் போன் செய்தேன். அம்மா சமையலறையிலிருந்து காது கொடுத்துக்கொண்டிருந்தார். நீர்ப்பூஞ்சை, வித்து, நீந்துவது என்று எனக்குத் தெரிந்த தமிழில் சொன்னேன். உங்களால் இல்லை அத்தை, அந்த வருஷம் மழை, அதுதான், என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அது எனக்கு அப்பவே தெரியும்டா" என்றார்.

மேலத்தோட்டத்துக் கொடிக்கால் புரட்டாசியிலேயே வாடியிருந்ததாம். அங்கே பாய்ந்த தண்ணீர்தான் வாய்க்காலில் எங்கள் தோட்டத்துக்கு வரும். எங்களதில் முதலில் சாய்ந்தது மடைவாயில் இருந்த நாலு வரிசை. அப்புறம் தண்ணீர் போகிற வழியிலேயே ஒவ்வொன்றாக. "நான் உள்ள போனது கிழக்கு மூலை. அங்க இருந்த கொடி கடைசி வரைக்கும் நின்னுச்சு. தை மாசம் வரைக்கும் அதுலதான் வெத்தலை கிள்ளுனாங்க."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா அத்தை?"

"யாரு கேட்டா?"

பிறகு அவரே பேச்சை மாற்றினார். செடியைப் பிடுங்கிவிட்டேனா என்று கேட்டார். பிடுங்கிவிட்டேன் என்றேன். அதே குழியில் மறுபடி வைக்காதே, மண் காயட்டும், வேறு ஏதாவது போடு என்றார். சரி என்றேன்.

"அந்தக் கொடி என்னத்துக்குடா ஆகும்? எலையா, காயா?"

பீர் என்று சொல்ல வாய் வரவில்லை. "பூ. கசப்புக்குப் போடுறது, அத்தை."

"கசப்புக்குன்னு ஒரு செடியா" என்று சிரித்தார்.